விட்டுப் போனவர்களின் செய்தித்தாள்

(முன்குறிப்பு: 'தி வயர்' தொடரின் முடிவு வரைக்கும் இதில் பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது.)

பத்திரிகை வேலையை விட்டுட்டு வேற தொழிலுக்குப் போனவங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் டேவிட் சைமன் பெயர் கட்டாயம் வரும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 'பால்டிமோர் சன்' நாளிதழில் க்ரைம் நிருபராக இருந்தவர். 1980களின் தொடக்கத்தில் சேர்ந்து, 1995ல் வெளியே வந்தார். நிர்வாகம் ஆட்களைக் குறைக்க பணம் கொடுத்து அனுப்பும் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நம்ம ஊர் வி.ஆர்.எஸ். மாதிரின்னு வெச்சுக்குங்க. அதை வாங்கிக்கொண்டு கிளம்பினார். 2002ல் ஹெச்பிஓ சேனலில் அவருடைய 'தி வயர்' தொடங்கியது. ஐந்து சீசன், 60 எபிசோட். எம்மி விருது ஒன்றுகூட வாங்காமல், தொலைக்காட்சி வரலாற்றின் தலைசிறந்த தொடர்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

இதை ஒரு நீதிக்கதையாகச் சொல்வதுதான் வழக்கம். வேலை போனால் என்ன, அதைவிடப் பெரிய இடம் காத்திருக்கும். நிருபராக ஊருக்குள் சொன்னதை இப்போ உலகத்துக்கே சொல்கிறார், பாருங்க!

இந்த நீதிக்கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்கான ஆதாரம் சைமன் எடுத்த படைப்புகளிலேயே இருக்கு. 2008ல் வந்த 'தி வயர்' ஐந்தாம் சீசன் அவர் விட்டு வந்த செய்தித்தாளைப் பற்றியது. ஐந்தில் அதுதான் பலவீனமான சீசன். ஏன் அப்படி ஆச்சு, அதற்குப் பிறகு அவர் எதை வைத்துத் தொடர்கள் எடுத்தார் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு கணக்கு வருது. போனவர் ஜெயித்தார், சரி. எதை முதலாக வைத்து ஜெயித்தார்? அந்த முதல் இப்போ மிச்சம் இருக்கா?

அந்த மேசைகளிலிருந்து போனவர்கள்

சைமன் தனி ஆள் இல்லை, ஒரு கூட்டமே போயிருக்கு.

டேவிட் மில்ஸ், மேரிலாண்ட் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகைக் காலத்திலிருந்து சைமனின் நண்பர். 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர். சைமனின் கொலைப்பிரிவு புத்தகத்தை வைத்து என்பிசி சேனல் எடுத்த 'ஹோமிசைட்' தொடருக்கு இருவரும் சேர்ந்து ஒரு எபிசோட் எழுதினார்கள். மனைவி சுட்டுக்கொல்லப்பட்ட சுற்றுலாப் பயணியாக ராபின் வில்லியம்ஸ் நடித்த எபிசோட், 1994ல் வந்தது. அதற்குப் பிறகு மில்ஸ் பத்திரிகையை விட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். சைமன் போகவில்லை, இன்னும் கொஞ்ச காலம் நிருபராகவே இருந்தார். இதைக் கவனிக்கணும். கதவு திறந்தே இருந்தும் உடனே ஓடிய ஆள் இல்லை அவர்.

ரஃபேல் ஆல்வாரெஸ் கதை இன்னும் விசேஷம். 'சன்'னில் நீண்ட காலம் நிருபர். அப்பா பால்டிமோர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். மகன் 2001ல் பத்திரிகையை விட்டு எங்கே போனார் தெரியுமா? கப்பல் வேலைக்கு. அங்கிருந்துதான் 'தி வயர்' எழுத வந்தார். இரண்டாம் சீசன் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றியது என்பதை நினைத்துப் பாருங்க.

லாரா லிப்மன், அதே 'சன்' நிருபர். 1997ல் முதல் துப்பறியும் நாவல் வெளியிட்டார், 2001 வரை வேலையையும் விடாமல் நாவலும் எழுதினார். அவர் நாயகி டெஸ் மோனகன் யார்? வேலை பார்த்த செய்தித்தாள் மூடப்பட்டதால் துப்பறிவாளராக மாறிய முன்னாள் நிருபர்! தொழில் மாற்றமே இங்கே கதையின் கரு. வில்லியம் ஸார்ஸி என்ற அரசியல் நிருபரும் 'தி வயர்' எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார், ஐந்தாம் சீசனில் தன் சொந்தப் பெயரிலேயே நடிக்கவும் செய்தார்.

எட் பர்ன்ஸ் மட்டும் பத்திரிகைக்காரர் இல்லை. பால்டிமோர் போலீஸில் 20 வருடம் இருந்த துப்பறிவாளர், பிறகு பள்ளி ஆசிரியர், பிறகு 'தி வயர்' எழுத்தாளர். பள்ளிக்கூடத்தைப் பற்றிய நான்காம் சீசன் அவ்வளவு கனமாக வந்ததற்குப் பெரிய காரணம் அவர்தான்.

இவர்கள் எல்லாரும் கொண்டு வந்தது ஒரே சரக்கு: ஒரு ஊரைப் பற்றிப் பல வருடம் சேர்த்த அறிவு. எந்தத் தெருவில் யார் இருக்கா, எந்த அதிகாரி யாருக்குக் கடன்பட்டவர், லோடுமேன் மதிய இடைவேளையில் எப்படிப் பேசுவார் என்கிற அறிவு. இது சம்பளம் வாங்கிக்கொண்டு, தினமும் அலைந்து, நாலு பேர்கிட்ட திட்டு வாங்கிச் சேர்த்தது. சேர்ப்பதற்கான செலவை ஏற்றுக்கொண்டது செய்தித்தாள். அறுவடை நடந்தது தொலைக்காட்சியில்.

ஒரு வருடம் உட்கார்வது

சைமனின் மாற்றம் 1995ல் ஆரம்பிக்கவில்லை. 1988ல் விடுப்பு எடுத்துக்கொண்டு பால்டிமோர் போலீஸின் கொலைப்பிரிவோடு ஒரு வருடம் சுற்றினார். அதுதான் 1991ல் வந்த 'ஹோமிசைட்' புத்தகம். 1993ல் மேற்கு பால்டிமோரில் ஃபயெட் தெருவும் மன்றோ தெருவும் சந்திக்கும் முனையில், போதைப்பொருள் விற்கிற இடத்தில், எட் பர்ன்ஸோடு சேர்ந்து இன்னொரு வருட வேலை. அது 1997ல் 'தி கார்னர்' என்ற புத்தகமானது, 2000ல் ஹெச்பிஓ குறுந்தொடரானது.

நாளிதழ் தரமுடியாத ஒன்று இதில் இருக்கு: நேரம். ஒரு கொலைக்கு நாலு பத்தி என்பது செய்தித்தாளின் அளவு. அந்தக் கொலை நடந்த தெருவில் ஒரு வருடம் உட்கார்வது புத்தகத்தின் அளவு. அந்தத் தெருவையும், போலீஸ் நிலையத்தையும், மேயர் அலுவலகத்தையும், பள்ளிக்கூடத்தையும் ஒரே சட்டகத்தில் வைப்பது 60 மணிநேரத் தொடரின் அளவு. அதனால் சைமன் தொழில் மாறினார் என்பதைவிட, அதே தொழிலுக்கு அதிக நேரமும் இடமும் தேடிப் போனார் என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இதுவரைக்கும் நீதிக்கதைக்காரர்களும் தலையாட்டுவார்கள். சிக்கல் இனிமேல்தான்.

ஐந்தாம் சீசன்: இரண்டு பொய்யர்கள்

ஐந்தாம் சீசனின் கதைச்சுருக்கம் இது. நகராட்சியில் பணம் இல்லை. பாழடைந்த வீடுகளுக்குள் பிணங்களை மறைத்த மார்லோ கும்பலின் மேல் நடந்த விசாரணையை நிறுத்தி விடுகிறார்கள். வெறுத்துப்போன போலீஸ்காரர் மெக்நல்டி, வீடற்றவர்களைக் கொல்லும் தொடர் கொலைகாரன் ஒருவனை இட்டுக்கட்டுகிறார். பயம் வந்தால் பணம் வரும், அதை நிஜ விசாரணைக்குத் திருப்பிவிடலாம் என்பது திட்டம். இன்னொரு பக்கம் 'சன்' அலுவலகத்தில் ஸ்காட் டெம்பிள்டன் என்ற நிருபர் செய்திகளை இட்டுக்கட்டுகிறார். கொலைகாரன் தனக்கே போன் செய்தான் என்று ஒரு பொய். அது பொய் என்று உறுதியாகத் தெரிந்த ஆள் மெக்நல்டி. ஏன்னா கொலைகாரனே கிடையாது! ஆனால் அவரால் வாயைத் திறக்க முடியாது. ஒரு பொய் இன்னொரு பொய்க்குக் காவல் நிற்கிற இந்த அமைப்பு பிரமாதமானது.

இந்த இரண்டு பொய்யர்களையும் சைமன் எப்படி நடத்துகிறார் என்று பாருங்க. மெக்நல்டி ஏன் பொய் சொல்கிறார் என்பதற்கு நாலு சீசன் பின்னணி நமக்குத் தெரியும். அவருடைய கோபம், குடி, கெட்டிக்காரத்தனம், மேலதிகாரிகள் செய்த துரோகம் எல்லாம் தெரியும். தப்பு என்று தெரிந்தும் கூடவே போகிறோம். டெம்பிள்டன்? அவருக்கு வாஷிங்டன் போஸ்டில் வேலை வேண்டும், பரிசு வேண்டும். அவ்வளவுதான். அவர் வீடு எப்படி இருக்கும், முதல் பொய்யை எழுதிய அன்றைக்கு அவருக்கு எப்படி இருந்தது, ஒண்ணும் தெரியாது. இரண்டாம் சீசனில் கடத்தலுக்குத் துணைபோன தொழிற்சங்கத் தலைவர் ஃப்ராங்க் சொபோட்காவுக்குக்கூட ஒரு நியாயம் இருந்தது: சங்கம் சாகுது, பையன்களுக்கு வேலை இல்லை. போதைப்பொருள் விற்கிற ஸ்ட்ரிங்கர் பெல் பொருளாதார வகுப்புக்குப் போய் உட்கார்கிறான். எந்த அயோக்கியனுக்கும் ஒரு நியாயம் கொடுத்த தொடர், தன் சொந்தத் தொழிலின் அயோக்கியனுக்கு மட்டும் கொடுக்க மறுத்தது.

அந்த அலுவலகத்தின் இரண்டு பெரிய எடிட்டர்களுக்கும் இதே கதிதான். பரிசுக்கு ஆசைப்படுகிறவர்கள், அழகான வாக்கியத்துக்கு மயங்குகிறவர்கள், கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள். எதிர்ப்பக்கம் நகரப் பிரிவு எடிட்டர் கஸ் ஹேன்ஸ். நேர்மை, அனுபவம், நகைச்சுவை எல்லாம் உள்ள ஆள், குறை என்று ஒன்றுமே கிடையாது. கிளார்க் ஜான்சன் நன்றாக நடித்திருப்பதால் தப்பித்தது. காகிதத்தில் பார்த்தால் கஸ் ஒரு புனிதர், அந்த எடிட்டர்கள் வில்லன்கள். முந்தைய நாலு சீசன்களில் இப்படி ஒரு பிரிவினை இல்லை.

தன் பழைய எடிட்டர்கள் மேல் சைமனுக்கு இருந்த கோபம் ஊரறிந்தது. அவர்களில் ஒருவரின் குடும்பப் பெயரை நான்காம் சீசனில் ஒரு மோசமான போலீஸ் அதிகாரிக்கே வைத்தார். 2008 தொடக்கத்தில் 'அட்லாண்டிக்' இதழில் மார்க் பௌடன் இந்தக் கோபத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பௌடனும் முன்னாள் நாளிதழ் நிருபர். அந்த எடிட்டர்களோடு முன்பு ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்த்தவர் என்பதால் அவரும் நடுநிலை ஆள் கிடையாது. இது பழிதீர்ப்பா இல்லையா என்பது அன்றைக்கு ஓடிய சண்டை.

எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. கோபத்தோடு எழுதினதால் கெட்டுப்போச்சு என்பது சோம்பேறி விளக்கம். போலீஸ் நிர்வாகத்தின் மேலும் அவருக்குக் கோபம்தான், அங்கே கெடவில்லையே! என் விளக்கம் வேறு. போலீஸ், தெருமுனை, துறைமுகம், பள்ளிக்கூடம் இவற்றை எழுதும்போது அந்தக் குழு நிருபர்களாக வேலை செய்தது. தெரியாத இடத்துக்குப் போய், மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, அல்லது அங்கேயே வாழ்ந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். செய்தித்தாள் அலுவலகத்துக்கு அப்படிப் போகவேண்டிய அவசியமே அவருக்குத் தோன்றியிருக்காது. அதுதான் தனக்குத் தெரியுமே! தெரிந்த இடம் என்பதால் கேள்வி கேட்கவில்லை. ஐந்து சீசனில் சைமன் நிருபராக இல்லாத ஒரே இடம் செய்தித்தாள் அலுவலகம்தான்.

ஆனாலும் அங்கே இருக்கிற பொன்

இவ்வளவு சொன்னதால் சீசனைத் தள்ளிவிட வேண்டாம். வேலையின் சின்னச் சின்ன நுணுக்கங்களில் அது மின்னுகிறது.

தீவிபத்துச் செய்தியில் இளம் நிருபர் ஆல்மா, இத்தனை பேர் 'வெளியேற்றப்பட்டனர்' என்று எழுதுகிறார். அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் காலி செய்தல் என்பது நேர்ப்பொருள். பழைய கையான டெஸ்க்காரர் சொல்கிறார்: கட்டடத்தைக் காலி செய்யலாம், ஆளைக் காலி செய்தால் அது எனிமா. (நம்ம ஊரில் ஆளைக் காலி பண்றதுன்னா இன்னும் விபரீதம்.) இன்னொரு காட்சியில் கஸ் நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து அலுவலகத்துக்குப் போன் போடுகிறார். துறைமுகச் செய்தியில் இரண்டு எண்களை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று பயம். சரிபார்த்தால் சரியாகத்தான் இருக்கு. அவ்வளவுதான் காட்சி. இந்த வேலை பார்த்த யாருக்கும் அந்தப் பயம் தெரியும்.

முதல் எபிசோடில் நகராட்சிக் கூட்ட நிகழ்ச்சிநிரலை கஸ் புரட்டுகிறார். ஒரு நிலப் பரிமாற்றத்தில் போதைப்பொருள் வியாபாரி ஒருவனின் பெயர் கண்ணில் படுகிறது. அது யார் பெயர் என்று தெரிந்திருப்பதால்தான் படுகிறது. சில மணிநேரத்தில் நாலு நிருபர்கள் ஓடி, தேர்தல் நன்கொடைக் கணக்கு எடுத்து, முதல் பக்கச் செய்தி ஆக்குகிறார்கள். அந்த எபிசோடின் தலைப்பு, குறைவான ஆளை வைத்து அதிக வேலை வாங்குவது பற்றியது. வெளிநாட்டு அலுவலகங்கள் மூடப்படுகின்றன, போலீஸ் பீட்டில் பழுத்த நிருபருக்குப் பணம் கொடுத்து அனுப்புகிறார்கள். பெயரைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிற ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மைக் ஃப்ளெட்சர் என்ற நிருபரின் கிளைக்கதை. போதையிலிருந்து மீண்டு வரும் பபிள்ஸோடு அவர் நாள்கணக்கில் சுற்றுகிறார், ஏழைகளுக்கான சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறார். எழுதிய பிறகு பபிள்ஸிடம் கொடுத்து, போடட்டுமா என்று அனுமதி கேட்கிறார். பரபரப்பு எதுவும் இல்லை. டெம்பிள்டனின் பொய்க்கு எதிர்ப்பதம் கஸ்ஸின் பிரசங்கம் என்று தொடர் நினைக்கிறது. நிஜமான எதிர்ப்பதம் ஃப்ளெட்சரின் பொறுமை. சைமன் 1993ல் தெருமுனையில் செய்த வேலையும் அதுதான்.

கடைசியாக, சீசனின் ஆகச்சிறந்த உத்தி: செய்தித்தாளில் வராதவை. நாலு சீசனாக நாம் பார்த்த எதுவும் அந்தப் பத்திரிகைக்குத் தெரியாது. ஊரே பேர் சொன்னால் நடுங்கும் ஓமர் ஒரு பெட்டிக்கடையில் சுட்டுக்கொல்லப்படுகிறான். அடுத்த நாள் பக்கத்தில் அதற்கு இடமில்லை. பார்க்கும் நமக்குப் பகீர் என்கிறது, அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. டெம்பிள்டனுக்குப் புலிட்சர் பரிசு கிடைக்கிறது. நிஜ வாழ்க்கையில் 1981ல் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் ஜேனட் குக்கின் கட்டுக்கதைக்குக் கொடுத்த புலிட்சர் திரும்பப்போனது. தொடரில் அது நடக்கவில்லை. சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்ட கஸ் திருத்தும் டெஸ்க்குக்கு இறக்கப்படுகிறார், ஆல்மா புறநகருக்குத் தூக்கியடிக்கப்படுகிறார்.

அதற்குப் பிறகு

கடைசி எபிசோடின் பெயர் '-30-'. அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி முடிந்தது என்பதற்கு அடியில் போடும் பழைய குறி. ஆனால் சைமனின் செய்தித்தாள் உறவு அங்கே முடியவில்லை.

அதன்பின் அவர் எடுத்தவற்றைப் பாருங்க. 2008ல் 'ஜெனரேஷன் கில்': இராக் போரில் மரைன் படை வீரர்களோடு போன எவன் ரைட் என்ற நிருபரின் புத்தகம். 2015ல் ஸார்ஸியோடு எழுதிய 'ஷோ மீ அ ஹீரோ': 'நியூயார்க் டைம்ஸ்' நிருபராக இருந்த லிசா பெல்கினின் புத்தகம். 2022ல் 'வி ஓன் திஸ் சிட்டி': ஜஸ்டின் ஃபென்டன் எழுதிய புத்தகம். ஃபென்டன் யார்? 'பால்டிமோர் சன்'னின் க்ரைம் நிருபர். சைமன் விட்டுப்போன அதே பத்திரிகை, அதே பீட்.

அந்தப் புத்தகம் பால்டிமோர் போலீஸின் துப்பாக்கித் தடுப்புச் சிறப்புப் படையைப் பற்றியது. சீருடையில் ஜனங்களிடம் கொள்ளையடித்து, பொய் ஓவர்டைம் எழுதிய அந்தப் படையின் ஏழு போலீஸ்காரர்கள் மேல் 2017 மார்ச்சில் குற்றச்சாட்டு வந்தது. நியாயமாகச் சொன்னால் பிடித்தது மத்திய விசாரணை, பத்திரிகை இல்லை. செய்தித்தாள்கள் முக்கியமானதைத் தவறவிடும் என்ற ஐந்தாம் சீசனின் குற்றச்சாட்டு அந்த அளவுக்கு நிற்கும். ஆனால் நீதிமன்றத்தில் நாள் தவறாமல் உட்கார்ந்து, அந்தப் படை எப்படி வளர்ந்தது, யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று தைத்துக் கொடுக்க ஒரு பீட் நிருபர் வேண்டியிருந்தது. அந்த ஆள் இல்லாவிட்டால் 2022ல் அந்தத் தொடர் இல்லை.

நான் சொல்ல வந்த கணக்கு இதுதான். வெளியே போன திறமைசாலி உள்ளே இருப்பவர்களின் உழைப்பில்தான் தொடர்ந்து இயங்குகிறார். சைமனுக்கு இது தெரியாமல் இல்லை. 2009 மே மாதம் அமெரிக்க செனட் குழுவின் முன்னால், உள்ளூர் நிருபர்கள் இல்லாமல் போனால் மாநில, நகர அரசியல்வாதிகளின் ஊழலுக்குப் பொற்காலம் என்று சாட்சி சொன்னவர் அவர். தொலைக்காட்சியில் பெயர் வாங்கியபின், நாளிதழ் நிருபருக்காகப் பேசப் போனார். அவரைப் போய் 'பத்திரிகையை விட்டால் முன்னேறலாம்' என்பதற்கு உதாரணம் காட்டுவது வேடிக்கைதான்.

'சன்' அதன்பின் கைமாறியபடி இருந்தது: 2021ல் ஆல்டன் என்ற முதலீட்டு நிறுவனம், 2024ல் சின்க்ளேர் தொலைக்காட்சிக் குழுமத்தின் டேவிட் ஸ்மித். இதற்கிடையே 2022ல் லாபநோக்கமற்ற 'பால்டிமோர் பேனர்' தொடங்கியது. ஃபென்டன் அங்கே போனார். போதைமருந்து மரணங்களைப் பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' உடன் சேர்ந்து செய்த வேலைக்கு 2025ல் உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சர் 'பேனர்' நிருபர்களுக்குக் கிடைத்தது. ஊர் முழுக்கச் செத்துவிடவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளம்.

பத்திரிகையை விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்ற பட்டியல்களை இனிமேல் பார்க்கும்போது, நாவலாசிரியர் ஆனார், மாலுமி ஆனார், தொடர் எடுத்தார் என்று படித்து ஆச்சரியப்படுங்க, தப்பில்லை. கூடவே அந்தப் பட்டியலில் இன்னொரு பத்தியும் இருக்கான்னு கேளுங்க: அவர் எழுந்துபோன நாற்காலியில் அடுத்து யார் உட்கார்ந்தார்? சைமனின் நாற்காலியில் பின்னாளில் ஒரு ஃபென்டன் உட்கார்ந்தார். பல ஊர்களில் அந்த இடத்துக்கு நேரே எழுத ஒரு பெயர்கூட இருக்காது.